காரைக்குடி வெயிலில் கெடாத கற்றாழை க்ரீம்: 500 கிராம் செய்முறைப் பதிவு

கற்றாழை க்ரீமைக் கலக்குவது லேசு. அடுப்பு, தராசு, ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வெள்ளை வெளேரென்று திரண்டு வந்துவிடும். கத்திரி வெயிலில், வளவுக்குள்ளேயே (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) 36, 37 டிகிரி காட்டும் வீட்டில், அது எண்ணெய் பிரியாமல், பூசணம் பிடிக்காமல், பூசிய இடம் எரியாமல் கோடை முழுக்க நிற்க வேண்டும். கஷ்டம் அங்கேதான். ஆகவே கலக்கும் முறையைவிடக் கெடாமல் வைக்கும் கணக்குக்கே இந்தப் பதிவில் இடம் அதிகம்.

எண்ணெய், மெழுகு, கற்றாழை எல்லாம் ஒரே அளவில் வைத்து மூன்று தொகுதிகள் போடப்பட்டன. முதலாவதில் பிரிசர்வேட்டிவ் (நுண்ணுயிரைத் தடுத்துக் கெடாமல் காக்கும் பொருள்) கிடையாது; வீட்டுக் குறிப்புகளில் பலரும் சொல்கிற வைட்டமின் ஈ எண்ணெயும் சில துளி வேப்பெண்ணெயும் மட்டும். இரண்டாவதில் சோடியம் பென்சோயேட் 0.5 சதவீதம், பி.எச். (புளிப்பளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) திருத்தவில்லை, அளந்தபோது 6.2. மூன்றாவதில் பினாக்ஸிஎத்தனால் கலவை 1 சதவீதம், பொட்டாசியம் சார்பேட் 0.2 சதவீதம், பி.எச். 5.0-க்குக் கொண்டுவந்தது. மூன்று டப்பாக்களும் வளவை ஒட்டிய மாடத்தில், தினமும் விரல் விட்டு எடுக்கும் நிலையில் வைக்கப்பட்டன.

முதலாவதில் ஒரு வாரத்துக்குள் மூடியை ஒட்டிய ஓரத்தில் சாம்பல் பச்சைப் புள்ளிகள். இரண்டாவது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் நாளாக ஆக இளகி, லேசான புளித்த வாடை எழுந்து, பி.எச். இறங்கத் தொடங்கியது. மூன்றாவது கோடை முடியும்வரை மணம், பி.எச்., கெட்டித்தன்மை எதிலும் மாறவில்லை.

முதல் தொகுதி கெட்டதில் ஆச்சரியமில்லை. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும். நுண்ணுயிரை அது ஒன்றும் செய்யாது. இரண்டாவது தொகுதி ஏன் கெட்டது என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய இடம். பிரிசர்வேட்டிவ் சரியான பொருள், சரியான அளவு, ஆனாலும் வேலை செய்யவில்லை.

சோடியம் பென்சோயேட் தண்ணீரில் கரைந்ததும் இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்னேற்றம் பெற்ற பென்சோயேட், மின்னேற்றம் இல்லாத பென்சாயிக் அமிலம். நுண்ணுயிரின் உறையைத் துளைத்து உள்ளே போவது இரண்டாவது வடிவம். எது எவ்வளவு என்பதைப் பி.எச். தீர்மானிக்கிறது. பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.2; அந்தப் பி.எச்.சில் சரிபாதி அமில வடிவில் இருக்கும். பி.எச். 5-இல் அது 14 சதவீதம். 6.2-இல் 1 சதவீதம்தான். அதாவது 500 கிராம் க்ரீமில் 2.5 கிராம் பென்சோயேட் போட்டும் உண்மையில் காவல் காத்தது ஏறக்குறைய 0.025 கிராம். மீதியெல்லாம் பெயருக்கு இருந்தது. பொட்டாசியம் சார்பேட்டும் இதே மாதிரிதான்: சார்பிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.76, பி.எச். 5-இல் 36 சதவீதம் வேலைக்கு வரும், 6-இல் 5 சதவீதம். இந்த இரண்டையும் பயன்படுத்துகிறவர் கையில் பி.எச். மீட்டர் இல்லையென்றால் அவர் இருட்டில் வேலை செய்கிறார்.

பினாக்ஸிஎத்தனாலுக்கு இந்தத் தொல்லை இல்லை, பி.எச். 4 முதல் 8 வரை அதன் வேலை பெரிதாக மாறாது. பாக்டீரியாவை நன்றாக அடக்கும், பூசணத்திடம் கொஞ்சம் சுணங்கும். பூசணத்துக்குச் சார்பேட் கெட்டி. அதனால்தான் மூன்றாவது தொகுதியில் இரண்டும்.

500 கிராமுக்கு அளவு

தண்ணீர்ப் பகுதி:
டிஸ்டில்ட் வாட்டர் 321 கிராம் (இதில் 10 கிராமைத் தனியே எடுத்து வைக்கவும்)
கற்றாழைச் சாறு, கொதிபதத்துக்குக் கீழே சூடாக்கி வடிகட்டியது, 50 கிராம்
கிளிசரின் 20 கிராம்
சாந்தன் கம் 1.5 கிராம்
டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 0.5 கிராம்

எண்ணெய்ப் பகுதி:
நல்லெண்ணெய் 40 கிராம்
தேங்காய் எண்ணெய் 25 கிராம்
எமல்சிஃபையிங் வாக்ஸ் (சீட்டரைல் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60-ம் சேர்ந்த வகை) 20 கிராம்
சீட்டைல் ஆல்கஹால் 10 கிராம்

ஆறியபின்:
பினாக்ஸிஎத்தனால் 9 பங்கு, எத்தில்ஹெக்ஸைல்கிளிசரின் 1 பங்கு கொண்ட ஆயத்தக் கலவை 5 கிராம்
பொட்டாசியம் சார்பேட் 1 கிராம்
டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ) 1 கிராம்
10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல், அதிகபட்சம் 5 கிராம்

சிட்ரிக் கரைசல் முழுவதும் செலவாகவில்லையென்றால் மீதி எடைக்குத் தண்ணீர் சேர்த்து 500 ஆக்கவும்.

எல்லாமே எடைதான், மில்லி கிடையாது. சமையலில் ஆச்சிமார் கண்ணளவில் போடும் உப்பு தப்பாது. இங்கே கண்ணளவு செல்லாது. பிரிசர்வேட்டிவை டேபிள்ஸ்பூனில் அளந்தால் 15 மில்லி, தேவையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கண்ணோரம் தீயாக எரியும். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பினாக்ஸிஎத்தனாலுக்கு 1 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன; மேலே உள்ள அளவில் அது 0.9 சதவீதம் வருகிறது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு அவசியம். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

பொருள் தேர்வு

தண்ணீரில் தொடங்கலாம். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் மேல் ஒரு பெருமை உண்டு. குடிக்க அருமைதான், க்ரீமுக்கு ஆகாது. ஊற்றுத் தண்ணீரானாலும் போர்வெல் தண்ணீரானாலும் கால்சியம், மக்னீசியம், இரும்பு ஏதோ ஓர் அளவில் இருக்கும். இரும்பு சொற்ப அளவில் இருந்தாலே எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். ஈ.டி.டி.ஏ. சேர்ப்பது இந்த உலோக அயனிகளைப் பிடித்துக் கட்டிப்போடத்தான். அதோடு சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் வெளியுறையைத் தளர்த்திப் பிரிசர்வேட்டிவுக்கு வழிவிடவும் செய்யும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் பெரும்பாலும் உப்பு நீக்கிய தண்ணீர். நுண்ணுயிர் நீக்கியது அல்ல. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. எங்கே வாங்கினாலும் சூடாக்கும் படியைத் தாண்டக் கூடாது.

நல்லெண்ணெய் மரச்செக்கு எண்ணெயாக இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் எள்ளோடு கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டுவார்கள். சமையலுக்கு அது ருசி. க்ரீமுக்குள் போனால் அந்தச் சர்க்கரையும் அதோடு ஒட்டிய ஈரமும் நுண்ணுயிருக்குத் தீனி, வண்டலும் நிறமும் வேறு. ஒரு வாரம் அசையாமல் தெளிய வைத்து, மேலெண்ணெயை மட்டும் எடுத்து, ஃபில்டர் பேப்பரில் வடிகட்டவும். வெயிலில் வைத்துத் தெளிவிக்கும் பழைய வழக்கம் வேண்டாம். ஒளியும் சூடும் சேர்ந்து எண்ணெயை ஆக்ஸிஜனேற்றத்துக்குத் தள்ளும். மற்றபடி நல்லெண்ணெய் நல்ல தேர்வு. அதிலுள்ள லிக்னான் வகைப் பொருள்கள் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும். வாடை பிடிக்காதவர்கள் ரிஃபைண்ட் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

கற்றாழைதான் இந்த க்ரீமில் மிக வம்பான பொருள். விளம்பரம் அதன் பெயரில், கெடுவதும் அதனால். முற்றிய அடிமடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்த்து ஒரு மணி நேரமாவது வைக்கவும். மஞ்சளாக வடிவது அலோயின் கலந்த பால். சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். அமெரிக்காவின் அழகுப்பொருள் மூலப்பொருள் ஆய்வுக் குழு, அலோயின் போன்ற ஆந்த்ராகுவினோன்கள் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை, எனவே தாராளமாக வடியவிட்டு, பச்சைத் தோலைத் தடிமனாகவே சீவிக் கழித்து, உள்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசவும். பிறகு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, உடனே 75 முதல் 80 டிகிரியில் 15 நிமிடம் வைக்கவும். தாமதித்தால் மடலின் சொந்த நொதிகளே பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்துவிடும். சாறு தண்ணீராகிச் சிவக்கும்.

கெட்டிப்படுத்தக் கார்போமர் பயன்படுத்தாததற்கும் கற்றாழையே காரணம். சாற்றிலுள்ள தாது உப்புகள் பட்டதும் கார்போமர் ஜெல் குழைந்து இளகிவிடும். சாந்தன் கம் உப்பைத் தாங்கும்.

கஸ்தூரி மஞ்சள் தூள், ரோஜா இதழ்ப் பொடி போன்றவற்றைச் சேர்க்கும் ஆசை வரும். பொடிகளில் பாக்டீரியா வித்துகள் இருக்கும், 75 டிகிரி அவற்றைச் சாகடிக்காது. பொடியைப் பொடியாகவே குளியலுக்கு வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் வேண்டாம். பிழிந்தெடுத்த லைம் எண்ணெயிலுள்ள ஃபுரனோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கறுக்க வைக்கும். பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் அதற்கு 0.7 சதவீத வரம்பை வாசனைப் பொருள்களுக்கான சர்வதேச அமைப்பு வைத்திருக்கிறது. இந்தச் சீமையின் உச்சி வெயிலில் அதைப் பூசிக்கொண்டு திரிவதைவிட வாசனையே இல்லாமல் இருப்பது மேல்.

பாத்திரம் எவர்சில்வர் மட்டும். செட்டிநாட்டு வீட்டுச் சாமான் அறைகளில் பித்தளை, செம்பு, எனாமல் என்று அழகழகாக இருக்கும். ஒன்றையும் தொட வேண்டாம். செம்பு அயனி எண்ணெயைச் சிக்காக்குவதில் இரும்பைவிட வேகம், சிட்ரிக் அமிலம் பட்டால் பாத்திரமும் கரையும். பழைய எனாமலின் வண்ணத்தில் ஈயமோ காட்மியமோ இருந்திருக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கியது காட்சிக்கே இருக்கட்டும்.

செய்முறை

பாத்திரம், கரண்டி, பிளெண்டர் தலை, பாட்டில் எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் தானாகக் காயவிடவும். 99 சதவீதம் இன்னும் நல்லதென்று நினைக்கத் தோன்றும். அது சட்டென்று ஆவியாகிவிடும். நுண்ணுயிரின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். அடுப்பு எரியும்போது தெளிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

சாந்தன் கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் மீன் முட்டை மாதிரிக் கட்டி கட்டும். முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீரும் சாறும் ஈ.டி.டி.ஏ.வும் கலந்ததில் மெல்ல ஊற்றிக் கலக்கவும். கால் மணி நேரம் ஊறட்டும்.

தண்ணீர்ப் பகுதி ஒரு பாத்திரத்தில், எண்ணெய்ப் பகுதி இன்னொன்றில். இரண்டும் கொதிநீர் நிறைந்த அகலச் சட்டிக்குள். தண்ணீர்ப் பகுதியை அடுப்பில் வைக்குமுன் பாத்திரத்தோடு எடை போட்டுக் குறித்துக்கொள்ளவும். இரண்டும் 75 டிகிரி வந்ததும் 20 நிமிடம் அதே சூட்டில் வைக்கவும். பிறகு மறுபடி எடை பார்த்து, ஆவியான அளவுக்குச் சூடான டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஈடுகட்டவும். இதைப் பலர் செய்வதில்லை. 30 கிராம் ஆவியாகிப் போனால் எல்லாப் பொருளின் சதவீதமும் தப்பிவிடும்.

எண்ணெய்ப் பகுதியைத் தண்ணீர்ப் பகுதிக்குள் ஊற்றி, பிளெண்டர் தலையை முழுக்க அமிழ்த்தி, சற்றுச் சாய்த்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, பத்து விநாடி ஓட்டுவது, பத்து விநாடி நிறுத்துவது என்று மூன்று நிமிடம். ஓடும்போது தலையை மேலே தூக்கினால் காற்று புகுந்து நுரைத்து, மறுநாள் அமுங்கி, பாட்டில் குறைந்து தெரியும். பிறகு கரண்டியால் மெதுவாகக் கிண்டிக்கொண்டே ஆறவிட வேண்டும்.

பிரிசர்வேட்டிவைச் சேர்க்க 40 டிகிரிக்குக் கீழே ஆறட்டும் என்று குறிப்புகளில் இருக்கும். வைகாசி மதியத்தில் அறையே 38 டிகிரியில் இருக்க, க்ரீம் எப்போது 40-க்குக் கீழே வரும்? காத்திருக்கும் அத்தனை நேரமும் அது நுண்ணுயிருக்குப் பிடித்த வெதுவெதுப்பிலேயே காவலின்றி இருக்கும். ஆகவே ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி வைத்து, ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டி இறக்கவும். தொட்டித் தண்ணீர் ஒரு துளிகூட உள்ளே தெறிக்கக் கூடாது. அல்லது அதிகாலையில் வேலையைத் தொடங்கலாம், அதுதான் சுலபம்.

40-ஐ நெருங்கியதும் பினாக்ஸிஎத்தனால் கலவை, டோக்கோஃபெரால். அடுத்து, எடுத்து வைத்த 10 கிராம் தண்ணீரில் சார்பேட்டைக் கரைத்து ஊற்றி நன்றாகக் கலக்கவும். சிட்ரிக் கரைசல் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் அரை அரை கிராமாக. சார்பேட் முழுதும் பரவுமுன் அமிலம் ஓரிடத்தில் குவிந்தால் சார்பிக் அமிலம் மணல்போலத் திரியும்.

பி.எச். பார்க்க 10 கிராம் க்ரீமை 90 கிராம் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்கி மீட்டரை விடவும். க்ரீமுக்குள் நேரே குத்தினால் எண்ணெய் படிந்து மீட்டர் தவறாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் 7.00, 4.01 பஃபர் கரைசல்களில் சரிபார்த்து, எலெக்ட்ரோடை உலர விடாமல் அதற்குரிய சேமிப்புக் கரைசலில் வைக்கவும். நாட்டின் மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிற ஊரில் எலெக்ட்ரோடைக் காயப்போட்டுக் கெடுப்பது அழகல்ல. இலக்கு 5.0, 4.8 முதல் 5.2 வரை போகலாம். 4.5-க்குக் கீழே இறங்கினால் சென்சிடிவ் தோலில் சுருக்கென்று குத்தும்.

நிரப்பப் பம்ப் பாட்டில் அல்லது டியூப். அகல வாய் டப்பா வேண்டாம். விரல் போகும் இடத்தில் கிருமியும் போகும். க்ரீம் அறைச் சூட்டுக்கு வருமுன் மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும். அந்தத் துளி வெறும் தண்ணீர், அதில் பிரிசர்வேட்டிவ் இல்லை. பூசணம் முதலில் பிடிப்பது அங்கேதான். ஏ.சி. அறையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து ஏ.சி. அறைக்கும் மாறி மாறி எடுத்துச் சென்றாலும் இதே கதை.

சோதனையும் கோளாறுகளும்

க்ரீமை 45 டிகிரியில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கவும். ஆய்வக இன்குபேட்டர் இல்லாவிட்டால் கோழி முட்டை பொரிக்கும் சிறிய மின்பெட்டியின் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பாட்டிலை ஃப்ரீசரில் ஒரு நாள், வெளியே ஒரு நாள் என்று மூன்று சுற்று மாற்றவும். மேலே எண்ணெய் வளையம் நின்றால் எமல்சிஃபையிங் வாக்ஸ் போதவில்லை, அல்லது இரு பகுதிகளும் வெவ்வேறு சூட்டில் சேர்ந்திருக்கின்றன. அடியில் தண்ணீர் தேங்கினால் சாந்தன் கம் சரியாக ஊறவில்லை. நெருநெருப்பு இருந்தால் தண்ணீர்ப் பகுதி ஆறியிருந்து, மெழுகு பட்டதும் உறைந்திருக்கிறது. தேய்க்கும்போது சோப்பு நுரைபோல வெள்ளையாக நின்றால் மெழுகு கூடுதல். அடுத்த தொகுதியில் சீட்டைல் ஆல்கஹாலை 5 கிராமாகக் குறைத்து அந்த இடத்துக்குத் தண்ணீர் சேர்க்கவும்.

வாரம் ஒருமுறை பி.எச். குறித்து வைக்க வேண்டும். 0.3-க்கு மேல் நகர்ந்தால், வாடை இல்லாவிட்டாலும் தொகுதியைக் கழித்துவிடுவது நல்லது. கிராமுக்குப் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தும் க்ரீம் பளிச்சென்று வெள்ளையாக இருக்க முடியும். ஐ.எஸ்.ஓ. 17516 என்ற சர்வதேசத் தரநிலை பொதுவான அழகுப்பொருளுக்குக் கிராமுக்கு 1000 வரையும், கண்ணோரத்துக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான பொருளுக்கு 100 வரையும் அனுமதிக்கிறது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது; ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ண வேண்டும்.

பாராபென் வகைப் பிரிசர்வேட்டிவ் ஏன் போடவில்லை என்று கேள்வி வரும். போட்டிருக்கலாம், மெத்தில் பாராபென் 0.4 சதவீதம்வரை ஐரோப்பிய விதியிலும் உண்டு. பாராபென்னுக்குப் பயந்து பல தயாரிப்பாளர்கள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு பிரிசர்வேட்டிவுக்கு மாறியபோதுதான் ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது, பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் 2017 முதல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019-இல் பாராபென்னை ஆண்டின் ‘ஒவ்வாமை அல்லாத’ பொருளாக அறிவித்தது. “பாராபென் இல்லை” என்ற லேபிளை மட்டும் பார்த்து வாங்குவதில் பெரிய அர்த்தமில்லை. அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முகத்தில் பூசுமுன் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தினம் இரண்டு வேளை, ஒரு வாரத்துக்குக் குறையாமல் பூசிப் பார்க்கவும். ஒரே ஒரு நாள் பூசிப் பார்ப்பது எரிச்சலைக் காட்டும். ஒவ்வாமை நாள் கழித்தே தலைகாட்டும். சிவந்து தடித்தால் நிறுத்திவிட வேண்டும். ‘பழகிவிடும்’ என்று தொடர்ந்தால் அது முற்றும்.

வீட்டு உபயோகத்தோடு நிற்காமல் மகளிர் குழு மூலம் விற்க நினைத்தால், 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். “ஹோம்மேட்” என்று ஒட்டிவிடுவதால் விலக்கு கிடைக்காது. பாட்டிலில் தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மூலப்பொருள் பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலைத் திறக்காமல் தேதி எழுதி எடுத்து வைத்தால், யாராவது புகாரோடு வரும்போது கெட்டது பாட்டிலுக்குள்ளா அவர்கள் கையிலா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.